டெவலப்மென்டல் ரைட்டிங்ல போட்டுட்டாங்க, இது காசு புடுங்குற வேலையா?

தம்பி கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், இதே நிலைமையில இன்னும் நாலு பேராவது இருப்பீங்க. ஊர்ல பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அப்பா அம்மாவோட கிரீன் கார்டுல அமெரிக்கா வந்தாச்சு, வயசு 19, பக்கத்துல இருக்கிற கம்யூனிட்டி காலேஜ்ல, அதாவது உள்ளூர் ரெண்டு வருஷ காலேஜ்ல, நர்சிங் சேரலாம்னு போனா கம்ப்யூட்டர்ல ஒரு டெஸ்ட் வச்சாங்க, ரிசல்ட்டுல 'டெவலப்மென்டல் ரைட்டிங் ரெண்டு செமஸ்டர்'னு வந்துச்சு, ஃபீஸ் கட்டணுமாம் ஆனா டிகிரிக்கு அந்த கிரெடிட் சேராதாம், "இது ஸ்கேமா அண்ணே, இல்ல எனக்கு நெசமாவே இங்கிலீஷ் வரலையா"ன்னு கேட்டிருக்க.

ஸ்கேம் இல்லப்பா. ஆனா போட்ட இடத்துல வாயை மூடிட்டு உக்காரவும் வேண்டாம். நான் இங்க ஒரு கம்யூனிட்டி காலேஜ் ரைட்டிங் சென்டர்ல, அதாவது பசங்க எழுதுறதுக்கு உக்காந்து உதவுற எடத்துல, 11 வருஷமா ட்யூட்டரா இருக்கேன், நடுவுல ரெண்டு செமஸ்டர் இதே டெவலப்மென்டல் க்ளாஸை பார்ட் டைமா எடுத்தும் பாத்தாச்சு, அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

முதல்ல இது என்னன்னு பாரு. அமெரிக்காவுல கிட்டத்தட்ட எந்த டிகிரிக்குப் போனாலும் முதல் வருஷம் காம்போசிஷன்னு ஒரு எழுத்துப் பாடம் இருக்கும், நிறைய எடத்துல அதுக்கு இங்கிலீஷ் 101னு பேரு, அது முடிக்காம நர்சிங் அப்ளிகேஷனே பெரும்பாலும் நகராது. அந்த 101க்கு இன்னும் தயாராகலன்னு காலேஜ் நினைக்கிற பசங்களை அதுக்குக் கீழ ஒரு படி, ரெண்டு படி, சில எடத்துல மூணு படி வச்சு உக்கார வைப்பாங்க. முன்னாடி இதுக்கு ரெமீடியல்னு பேரு, நோய்க்கு மருந்து குடுக்குற மாதிரி இருக்குன்னு மாத்தி டெவலப்மென்டல் ஆக்குனாங்க, பேரு மாறுச்சே ஒழிய ஃபீஸ் மாறல. பெல் கிரான்ட், அதான் வசதி கம்மியான பசங்களுக்கு ஃபெடரல் அரசு திருப்பிக் கேக்காம குடுக்குற காசு, வாங்குறன்னா இதையும் தெரிஞ்சுக்க, ரெமீடியல் பாடத்துக்கு ஃபெடரல் உதவி 30 கிரெடிட் வரைக்கும்தான், அதுபோக பெல்லே மொத்தமா 12 செமஸ்டருக்கு மேல கிடையாது. டிகிரிக்கு சேராத க்ளாஸ்ல கழிக்கிற ஒவ்வொரு செமஸ்டரும் அந்தப் பன்னெண்டுல இருந்துதான் போகுது, இதை அட்வைசருங்க தானா வந்து சொல்றது ரொம்ப கம்மி.

அடுத்து அந்த டெஸ்ட். நீ எழுதுனது அக்யூபிளேசர்ங்கிற டெஸ்டா இருக்கலாம், அதுல எழுத்துப் பகுதிக்கு ரைட்பிளேசர்னு பேரு, நீ எழுதுற கட்டுரையை மெஷினே படிச்சு 1ல இருந்து 8க்குள்ள மார்க் போடும். ஆமா, மெஷின்தான். இதுக்குப் போட்டியா காம்பஸ்னு ஒரு டெஸ்ட் நாடு முழுக்க ஓடிட்டு இருந்துச்சு, அதை நடத்துன ஏசிடி கம்பெனியே 2016ல மூடிட்டாங்க, யாரு எங்க சேரணும்னு இந்த டெஸ்ட் சரியா சொல்லலங்கிறது அதுக்குள்ள அம்பலமாகிடுச்சு. கொலம்பியா யுனிவர்சிட்டி டீச்சர்ஸ் காலேஜ்ல கம்யூனிட்டி காலேஜுகளை மட்டுமே ஆராயுற ஒரு சென்டர் இருக்கு, அவங்க கணக்குப் பாத்தப்ப இங்கிலீஷ் டெஸ்ட் எழுதுனவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் மோசமா தப்பான எடத்துல போடப்பட்டிருந்தாங்க, அதுலயும் 101ல உக்கார வச்சிருந்தா நல்லாவே தேறியிருக்கக்கூடியவங்களை கீழ தள்ளுனதுதான் ஜாஸ்தி. டெஸ்டை விட ஹைஸ்கூல் மார்க் நல்லா கணிக்குதுன்னும் சொன்னாங்க. யோசிச்சா புரியும்ல, டெஸ்ட் ஒரு நாள் மத்தியானத்தைப் பாக்குது, மார்க் நாலு வருஷத்தைப் பாக்குது. என்கிட்ட வந்த ஒரு பையன் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எட்டு வரி எழுதிட்டு சப்மிட் அடிச்சுட்டுப் போயிருக்கான், இதை வச்சுதான் எங்க போடுவாங்கன்னு அவனுக்கு யாருமே சொல்லல, அந்த எட்டு வரி அவனுக்கு ஒரு வருஷம் செலவு வச்சுது. உன் விஷயத்துல சிக்கல் என்னன்னா உன் பிளஸ் டூ மார்க்ஷீட்டை எப்படிப் படிக்கிறதுன்னே அவங்களுக்குத் தெரியாது, அதனால கையில இருக்கிற ஒரே அளவுகோல் அந்த டெஸ்ட்னு ஆகிடுது.

இப்ப ஒரு மனக்கணக்கு போடுவோம், நம்பரை நானே வச்சுக்கறேன், உதாரணத்துக்குத்தான். 100 பேரை 101க்கு ரெண்டு படி கீழ போடுறோம். ஒவ்வொரு க்ளாஸ்லயும் நூத்துக்கு எழுபது பாஸ், பாஸானவங்கள்ல நூத்துக்கு எம்பது பேரு அடுத்த க்ளாஸுக்கு பேர் குடுக்குறாங்க, ரெண்டுமே கேக்க மோசமில்லாத நம்பர்தான். முதல் க்ளாஸ்ல 70 பேர் தேறுவாங்க, அதுல 56 பேர் அடுத்ததுக்குப் போவாங்க, அதுல 39 பாஸ், அதுல 31 பேர் 101க்கு வருவாங்க, கடைசியா 22 பேரு 101 முடிப்பாங்க. எந்த வாத்தியாரும் மோசமில்ல, எந்தப் பையனும் மக்கு இல்ல, ஆனாலும் எழுபத்தெட்டு பேரைக் காணோம். ஓட்டைக் குழாய்ல தண்ணி போற மாதிரி, ஒவ்வொரு இணைப்புலயும் கொஞ்சம் ஒழுகும். வேலை ஷிஃப்ட் மாறும், கார் ரிப்பேராகும், ஊர்ல பாட்டிக்கு முடியாம போகும், படி கூடக்கூட ஒழுகுற எடமும் கூடும். நீ பயப்பட வேண்டியது இந்தப் படிக்கட்டுக்குத்தான், இங்கிலீஷுக்கு இல்ல.

இதுல ஒரு வேடிக்கை, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எழுதவே தெரியல"ங்கிற புலம்பல் நேத்து வந்தது இல்ல. ஹார்வர்ட்ல 1874ல நுழைவுத்தேர்வுல கட்டுரை எழுதச் சொன்னாங்க, வந்தவங்க எல்லாம் காசுக்காரவீட்டுப் பசங்க, நல்ல ஸ்கூல்ல படிச்சவங்க, தாய்மொழியே இங்கிலீஷ், அப்பவும் கொத்துக்கொத்தா ஃபெயில் ஆனாங்க. 1885ல அதுக்குன்னே 'இங்கிலீஷ் ஏ (A)'ன்னு ஒரு பாடம் வந்துச்சு. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில 1898லயே 'சப்ஜெக்ட் ஏ (A)'ன்னு ஒண்ணு. ஆக நீ உக்காரப் போற பெஞ்சு நூறு வருஷத்துக்கு மேல பழசு.

ஆனா உன்னை மாதிரி பசங்களுக்கான கதை நியூயார்க்ல தொடங்குது. ஹார்லெம்ல இருக்கிற சிட்டி காலேஜ்ல 1969ல கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் வளாகத்தையே கைப்பற்றிப் போராடுனாங்க, எங்க ஊர்ல இருக்கிற காலேஜ்ல எங்க பசங்களுக்கு எடம் இல்லையான்னு. அதோட விளைவா 1970ல அந்தக் காலேஜ் சேர்ந்திருக்கிற சிட்டி யுனிவர்சிட்டி கதவைத் திறந்து விட்டுச்சு, நியூயார்க் நகர ஹைஸ்கூல் முடிச்ச யாருக்கும் எங்கயாவது ஒரு எடம் உண்டு. ஒரே வருஷத்துல புதுசா சேர்ந்தவங்க 35 ஆயிரம் சொச்சம், அப்ப ஃபீஸும் கிடையாது, 1976ல நகரம் திவாலாகுற நிலைமைக்கு வந்தப்பதான் ஃபீஸ் வந்துச்சு. அத்தனை பேரும் எழுதுன கட்டுரை வாத்தியாருங்க மேசையில வந்து விழுது, நிறைய பேரு தலையில கை வச்சுட்டாங்க, இது படிக்கவே லாயக்கில்லன்னு.

அங்க மைனா ஷானெஸின்னு ஒரு அம்மா இருந்தாங்க, தெற்கு டகோட்டாவுல ஒரு சுரங்க ஊர்ல பொறந்தவங்க, பிஹெச்டி கூட கிடையாது, 1967ல இருந்தே அந்தப் பசங்களோட வேலை பாத்தவங்க. 1970க்கும் 1974க்கும் நடுவுல எந்த க்ளாஸ்ல போடுறதுன்னு பாக்க பசங்க எழுதுன பிளேஸ்மென்ட் கட்டுரை சுமார் 4000 எடுத்து வச்சு ஒவ்வொரு தப்பையும், ஏன் இந்தப் பையன் இப்படி எழுதுனான்னு பாத்தாங்க. 1977ல அதைப் புத்தகமா போட்டாங்க, அடுத்த வருஷமே புற்றுநோய்ல இறந்துட்டாங்க. அவங்க சொன்னது எளிமையான விஷயம்தான், இந்தத் தப்பெல்லாம் அலட்சியத்துல வர்றதில்ல, மூளை இல்லாம வர்றதும் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஒரு கணக்கு இருக்கு, அந்தப் பையன் தனக்குத் தெரிஞ்ச விதியை வச்சு ஒழுங்காத்தான் எழுதுறான், அந்த விதி வேறங்கிறதுதான் பிரச்சனை. ரெமீடியல்னு சொல்லாம 'பேசிக் ரைட்டிங்'னு சொன்னதும் அவங்கதான், இவன் நோயாளி இல்ல, எழுத ஆரம்பிச்சவன்னு அர்த்தம்.

இதை நம்ம பசங்களுக்குப் பொருத்திப் பாரு, எனக்கு இதுலதான் ரொம்ப ஆர்வம். உன் பேப்பர்ல வாத்தியார் 'காமா ஸ்ப்ளைஸ்', 'ரன்-ஆன்'னு சிவப்புல எழுதியிருப்பாரு, எழுதலன்னா இனிமே எழுதுவாரு, தனித்தனி வாக்கியத்தை வெறும் காமா போட்டோ ஒண்ணுமே போடாமயோ ஒட்டிட்டன்னு அர்த்தம். இது எங்கிருந்து வருது? தமிழ்ல நாம "அப்பா கடைக்குப் போயி அரிசி வாங்கிட்டு வர்ற வழியில மழை புடிச்சு அத்தை வீட்ல ஒதுங்கி நின்னப்ப எனக்கு போன் பண்ணாரு"ன்னு ஒரே மூச்சுல சொல்லுவோம். ஆறு காரியம் நடக்குது, முற்று ஒண்ணே ஒண்ணு, மத்ததெல்லாம் எச்சமா தொங்கிட்டுப் போகுது, இலக்கணப்படி சுத்தமான வாக்கியம். இதையே இங்கிலீஷ்ல "மை ஃபாதர் வென்ட் டு ஷாப், ஹீ பாட் ரைஸ், ரெயின் கேம், ஹீ ஸ்டுட் இன் ஆன்ட் ஹவுஸ், ஹீ கால்ட் மீ"ன்னு எழுதுவோம், எச்சத்துக்கு அங்க எடம் கம்மிங்கிறதால ஒவ்வொண்ணும் முற்றா மாறிடுது, ஆனா நம்ம காதுக்கு அது இன்னும் ஒரே வாக்கியம்தான், அதனால நடுவுல புள்ளி வைக்க மனசு வராது, காமாவைப் போட்டுட்டுப் போறோம். புள்ளி வைன்னு சொன்னா மட்டும் பத்தாது, எது பெரிய காரியம் எது அதுக்குத் துணைன்னு பிரிச்சு, வென், ஆஃப்டர், பிகாஸ் போட்டுக் கோர்க்கக் கத்துக்கணும்.

அதே மாதிரி இங்கிலீஷ்ல 'த' (the) ங்கிற சொல். நம்மகிட்ட அது இல்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க, பாதி உண்மைதான். "புக் வாங்குனேன்"னா ஏதோ ஒரு புக், "புக்கை வாங்குனேன்"னா நாம பேசிட்டு இருந்த அந்தப் புக்கு. நம்ம ரெண்டாம் வேற்றுமை 'ஐ' அந்த வேலையைத்தான் சத்தமில்லாம பாக்குது. நான் இங்க வர்ற தமிழ் பசங்ககிட்ட இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன், தமிழ்ல 'ஐ' போட்டுச் சொல்லுவியா அப்ப 'த' போடு, எல்லா எடத்துலயும் சரி வராது ஆனா பாதி கிணறு தாண்டிடலாம். இங்கிலீஷ்ல ஹீ, ஷீக்கு அப்புறம் வினையில வர்ற அந்த ஒத்தை 'எஸ்' இருக்கே, அதுக்கு மட்டும் எனக்கும் பதில் கிடையாது, நம்ம பாஷையில வர்றான், வர்றா, வருது, வர்றாங்கன்னு ஆளுக்கொரு விகுதி ஒழுங்கா போடுறோம், அங்க ஒண்ணே ஒண்ணு, அதைப் போயி விடுறோம்.

இதையெல்லாம் விட பெரிய சிக்கல் கட்டுரைங்கிற சொல்லுலயே இருக்கு. நமக்கு கட்டுரைன்னா குறிப்புச்சட்டகம், முன்னுரை, உள்தலைப்பு போட்ட பொருளுரை, முடிவுரை, நடுவுல ஒரு குறள், நோட்ஸ்ல இருக்கிறதை மனப்பாடம் பண்ணி பிசகாம எழுதுனா முழு மார்க். இங்க அதே மாதிரி எழுதுனா ரெண்டு அடி விழும். ஒண்ணு, அடுத்தவன் வரியை அப்படியே எழுதுனா பிளேஜியரிசம், மார்க் போறதோட நிக்காது, ஃபைல்ல ஏறும். ரெண்டு, "இதுல நீ என்ன சொல்ற"ன்னு கேப்பாங்க, அதுக்குப் பேருதான் தீசிஸ். எல்லாரும் ஒத்துக்குற விஷயத்தை அழகா சொல்றது இங்க கட்டுரை இல்ல, ஒருத்தன் மறுத்துப் பேசுற மாதிரி ஒண்ணைச் சொல்லி அதை நிரூபிக்கணும். டேவிட் பார்த்தலமேன்னு ஒரு பேராசிரியர் 1985ல எழுதுன ஒரு கட்டுரையில, ஒவ்வொரு தடவை எழுத உக்காரும்போதும் மாணவன் யுனிவர்சிட்டியைத் தானே கண்டுபுடிக்க வேண்டியிருக்குன்னு சொன்னாரு, இன்னும் உள்ள நுழையாத ஒருத்தன் உள்ள இருக்கிறவன் மாதிரி பேசிக் காட்டணும். புது மாப்பிள்ளை முதல் தடவை மாமியார் வீட்டுல பேசுற பேச்சு மாதிரிதான் இருக்கும் அந்த எழுத்து, விறைப்பா, பெரிய பெரிய சொல்லா, எடம் தப்பி. வாத்தியாருக்கு அது மோசமான இங்கிலீஷா தெரியும், ஆனா பெரும்பாலும் அது முயற்சி பண்ற எழுத்து.

சரி, இதுக்கு கிராமர் பயிற்சி தீர்வாகுமா? நிறைய டெவலப்மென்டல் க்ளாஸ் இன்னும் அப்படித்தான் ஓடுது, ஒர்க்‌ஷீட், கோடிட்ட இடம், வினையை அடிக்கோடிடுன்னு. 1963லயும் 1986லயும் இதுவரை வந்த ஆராய்ச்சியையெல்லாம் அள்ளிப் போட்டுப் பாத்த ரெண்டு பெரிய தொகுப்பு வந்துச்சு, ரெண்டுமே தனியா கிராமர் நடத்துனா எழுத்து முன்னேறாதுன்னுதான் சொல்லுது. சின்னச் சின்ன வாக்கியத்தை ஒண்ணா கோர்க்குற பயிற்சி உதவுது, ஒரு கட்டுரையைத் திருப்பித் திருப்பி எழுதுறது உதவுது. நீச்சலுக்கு கரையில நின்னு கை வீசிக் காட்டுனா எப்படி வரும்? நான் எடுத்த ரெண்டு செமஸ்டர்ல முதல் செமஸ்டர் நானும் ஒர்க்‌ஷீட் வாத்தியாராத்தான் இருந்தேன், பாடத்திட்டம் அப்படி, பசங்க ஒர்க்‌ஷீட்ல நூத்துக்கு நூறு வாங்கிட்டு அதே மத்தியானம் எழுதுன பாராவுல அதே தப்பைப் பண்ணாங்க, அப்ப வந்த எரிச்சல் இப்பவும் ஞாபகம் இருக்கு.

பால்டிமோர் கவுன்டி கம்யூனிட்டி காலேஜ்ல பீட்டர் ஆடம்ஸ்னு ஒரு பேராசிரியர், கீழ் க்ளாஸுக்குப் போகச் சொல்லியும் போகாம எப்படியோ நேரா 101ல போய் உக்காந்த பசங்க என்ன ஆனாங்கன்னு பழைய ரெக்கார்டைத் தேடிப் பாத்தாரு, நிறைய பேரு பாஸாகியிருந்தாங்க. அப்புறம் 2007ல அவங்க ஏஎல்பின்னு (ஆக்ஸிலரேட்டட் லேர்னிங் புரோகிராம்) ஒரு முறையைத் தொடங்குனாங்க, டெவலப்மென்டல்னு குறிச்ச பசங்களை நேரா 101லயே உக்கார வை, மத்த பசங்களோட கலந்து, அந்த க்ளாஸ் முடிஞ்சதும் அவங்களுக்கு மட்டும் அதே வாத்தியார்கிட்ட சின்ன குழுவா இன்னொரு க்ளாஸ். அந்த ரெண்டாவது க்ளாஸ்ல 101ல குடுத்த அதே கட்டுரையைத்தான் உருட்டுவாங்க, தனிப் பாடம் கிடையாது. 101 முடிச்சவங்க எண்ணிக்கை நல்லாவே ஏறுச்சு, கொலம்பியா ஆளுங்களே வந்து ஒப்பிட்டுப் பாத்து உறுதி பண்ணாங்க. இப்ப நாடு முழுக்க இதுக்கு கோ-ரெக்விசிட்னு பேரு. நீ அட்வைசர்கிட்ட கேக்க வேண்டிய சொல்லு இதுதான்.

எல்லாத்தையும் ஒரே அடியா தூக்குனா சரியாகிடுமான்னா, அங்கதான் எனக்கு சந்தேகம். ஃபுளோரிடா 2013ல சட்டம் போட்டு, அந்த மாநில அரசுப் பள்ளியில சமீபத்துல படிச்சு முடிச்சவங்களுக்கு டெஸ்டும் வேண்டாம் டெவலப்மென்டலும் கட்டாயம் இல்லன்னு சொல்லிடுச்சு. கலிஃபோர்னியாவுல 2017ல ஏபி 705ங்கிற சட்டம் வந்துச்சு, ஹைஸ்கூல் மார்க்கைப் பாரு, ஒரு வருஷத்துக்குள்ள 101 லெவலை முடிக்கிற வாய்ப்பு எந்த வழியில ஜாஸ்தியோ அதுல போடுன்னு. மொத்தமா பாத்தா நிறைய பேரு மேல வந்தாங்க, அதை நான் மறுக்கல. ஆனா 40 வயசுல ரெண்டு வேலை பாத்துட்டு, ஸ்கூல் விட்டு இருபது வருஷம் கழிச்சு வர்ற ஒரு அக்கா, ஒரு பாரா எழுதவே கை நடுங்குறவங்க, அவங்களையும் நேரா 101ல போட்டுட்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் லேப்னு பேருக்கு வச்சா அது கைகழுவுற வேலை. சில காலேஜுங்க கோ-ரெக்விசிட்ங்கிற பேர்ல பண்றது அதுதான், காசு மிச்சம். போதாக்குறைக்கு இந்த க்ளாஸ் எடுக்கிறவங்கள்ல பாதிக்கு மேல என்னை மாதிரி பார்ட் டைம் ஆளுங்க, மூணு காலேஜுக்கு கார் ஓட்டிட்டுத் திரியறவங்க, உக்காந்து பேச ரூம் கூட கிடையாது.

உனக்கு இன்னொரு கேள்வியும் இருக்கு, நீ டெவலப்மென்டலா, ஈஎஸ்எல்லா? ரெண்டும் வேற. டெவலப்மென்டல் க்ளாஸ் இங்கிலீஷைக் கேட்டு வளர்ந்து எழுத்துல பின்தங்குன பசங்களுக்குன்னு கட்டுனது, ஈஎஸ்எல் இங்கிலீஷை ரெண்டாவது பாஷையா கத்துக்கிறவங்களுக்கு. தமிழ் மீடியத்துல வந்த உன்னை டெவலப்மென்டல்ல போட்டா, மத்த பசங்களுக்குக் காதுலயே இருக்கிற விஷயம் உனக்கு இருக்காது, வாத்தியாரும் "சத்தமா படிச்சுப் பாரு தப்பு தெரியும்"பாரு, உனக்கு எல்லாமே சரியா தெரியும். ஈஎஸ்எல்ல வாத்தியார் ஆர்ட்டிகிள்ல (அ, ஆன், த) இருந்து சொல்லித் தருவாரு. கிரான்ட் கணக்குல இதுக்கு ஒரு நன்மையும் உண்டு, நான் சொன்ன அந்த 30 கிரெடிட் வரம்புல ஈஎஸ்எல் சேராது. கலிஃபோர்னியா சட்டத்துலயும் ஈஎஸ்எல் பசங்களுக்கு ஒரு வருஷத்துக்குப் பதிலா மூணு வருஷம் டைம் இருக்கு. ஆனா ஈஎஸ்எல்லுலயும் நாலு படி அஞ்சு படின்னு ஏணி இருக்கும், மேல போட்ட கணக்கு அங்கயும் பொருந்தும். உன் கேள்வியையே நீ இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுன அந்தப் பாராவைப் பாத்தா, நீ கோ-ரெக்விசிட்டுக்குத் தயார்னுதான் எனக்குப் படுது, ஆர்ட்டிகிளும் காமாவும் தவிர என்ன சொல்ல வர்றங்கிறது தெளிவா இருக்கு, அது இல்லாதவங்களுக்குத்தான் கஷ்டம்.

அதனால போய் இப்படிக் கேளு. கோ-ரெக்விசிட் செக்‌ஷன் இருக்கா, அதுக்குள்ள போக என்ன வேணும்னு கேளு. டெஸ்ட்டை மறுபடி எழுதலாமான்னு கேளு, நிறைய எடத்துல விடுவாங்க, ஒரு வாரம் எழுதிப் பழகிட்டு நேரம் எடுத்து எழுது. மார்க்ஷீட்டை இங்க ஏத்துக்கிற மாதிரி மதிப்பிட்டுக் குடுக்குற ஏஜென்சி மூலமா அனுப்பினா பாப்பீங்களான்னு கேளு. இல்ல, ரெண்டு செமஸ்டர்தான் வழின்னா, முதல் செமஸ்டரை முடிச்சுட்டு கேப் விடாம அடுத்த செமஸ்டருக்கு அப்பவே பேர் குடுத்துடு, நிறைய பேரை இழக்குறது அந்த கேப்புலதான். சாட்ஜிபிடில எழுதி வாங்கிக் குடுக்கலாம்னு எவனாவது சொல்லுவான், இப்ப நிறைய க்ளாஸ்ல பரீட்சை கையால எழுதணும், அன்னைக்கு மாட்டுவ.

ரைட்டிங் சென்டருக்கு ஓசிலதான் விடுவாங்க, முதல் வாரமே போ. கட்டுரை முடிஞ்சப்புறம் தப்பு திருத்தக் கொண்டு போகாத, பாதி எழுதுனதும் கொண்டு போ, "நான் சொல்ல வர்றது புரியுதா"ன்னு மட்டும் கேளு. ட்யூட்டர் அவரு வாயால உன் பேப்பரைப் படிக்கட்டும், நீ படிச்சா மனசுல இருக்கிறதைப் படிச்சுடுவ, பேப்பர்ல இருக்கிறதை இல்ல. அவரு எங்க தடுக்கி நிக்கிறாரோ அங்க ஒரு பென்சில் கோடு போட்டு வை. அட்வைசரை மட்டும் ஜூலைக்குள்ள பாத்துடு, ஆகஸ்ட் கடைசில போனா கோ-ரெக்விசிட் செக்‌ஷன் எல்லாம் ரொம்பிருக்கும், மிச்சம் இருக்கிறதுல போட்டுடுவாங்க.